ஊமைக் குழி

வெடிமருந்து ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு எதிர் மேசையில் இருந்தவரை எல்லோரும் பதம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். அவர் வேலையே பதம் பார்ப்பது.

கல் குவாரிக்கும் சுரங்கத்துக்கும் போகிற வெடிமருந்தில் பெரும்பகுதி இப்போது குழம்புதான். உப்புக் கரைசலின் கண்ணுக்குத் தெரியாத துளிகள், ஒவ்வொன்றும் எண்ணெயில் ஒரு சட்டை போட்டுக்கொண்டு நெருக்கியடித்து நிற்கும்போது, கெட்டியான ஒரு களிம்பு கிடைக்கிறது. புத்தகத்தில் அதற்குப் பால்மம் என்று பெயர். எங்கள் ஆலையில் அப்படிச் சொன்னால் ஆளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். குழம்பு என்றால்தான் புரியும். புதிதாகச் சேர்ந்த எவரும் "இன்னைக்கு என்ன குழம்பு அக்கா?" என்று கேட்காமல் முதல் வாரத்தைத் தாண்டியதில்லை. அவரும் சலித்துக்கொள்ளாமல், "சாப்பிட்டா ஊரே எந்திரிச்சு உட்காரும், ஊத்தட்டுமா?" என்பார்.

அந்தக் குழம்புக்குப் பதம்தான் எல்லாம். கெட்டியாகிவிட்டால் பம்பு திணறும், ஆழமான குழிக்குள் சீராக நிரம்பாமல் நடுநடுவே வெற்றிடம் விட்டுவிடும். தளர்ந்துவிட்டால் பாறை விரிசல்களில் கசிந்து ஓடிவிடும். குழம்புக்குள் மிகச் சிறிய வாயுக் குமிழிகளும் பரவியிருக்க வேண்டும். அதிர்ச்சி வந்து தாக்கும்போது அந்தக் குமிழிகள் நசுங்கிச் சூடேறுவதால்தான் வெடி குழி முழுக்கப் பரவுகிறது. குமிழி இல்லாத குழம்பு வெறும் பசை. பதம் சரியாக இருந்தால் குமிழிகள் இருந்த இடத்தில் நிற்கும், இல்லையென்றால் மேலே ஏறித் தப்பித்துவிடும். அக்கா ஒரு கிண்ணத்தில் குழம்பை எடுத்து, சுழலும் தண்டு ஒன்றை அதற்குள் இறக்கி, அது எவ்வளவு திணறுகிறது என்று முள்ளைப் பார்ப்பார். பிறகு கையுறை போட்ட விரல்களால் கொஞ்சம் எடுத்து இழுத்துப் பார்ப்பார். முள் சொன்னதை விரலும் சொன்னால்தான் வண்டி வெளியே போகும்.

அவர் கணவர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த குவாரியில் துளைபோடும் இயந்திரம் ஓட்டினார். எங்கள் குழம்பை வாங்குகிற குவாரிதான். பாறையைக் குத்திக் குத்தியே காது போய்விட்ட மனிதர். அவரிடம் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். அவரும் தான் கத்துவது தெரியாமல் கத்திக்கொண்டே பேசுவார். அவருடைய அம்மாவும் அவர்களோடுதான் இருந்தார். பிள்ளைகள் இல்லை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்தியபடியே மிகவும் அன்பாக வாழ்ந்தார்கள். "கல்யாணமான புதுசுல நாங்க ரகசியம் பேசினா மூணாவது வீட்டுக்காரங்க சிரிப்பாங்க" என்று அக்கா சொல்வார். வீடு தேடி வருகிறவர்களுக்கு அந்தத் தெருவில், "சண்டை மாதிரி சத்தம் கேக்கும், கிட்டப் போனா யாரும் சண்டை போட்டிருக்க மாட்டாங்க, அந்த வீடுதான்" என்று வழி சொல்வார்களாம்.

அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்துபோனவர் வெடிக்காரர். குழிகளுக்கு மருந்து ஏற்றி, ஒவ்வொரு குழியிலும் மருந்தைத் தூண்டிவிடும் டெட்டனேட்டரை இணைத்து, சைரன் ஊதி வெடிவைப்பவர். துளைக்காரரான அக்காவின் கணவரும் அவரும் ஒன்றாகக் குவாரியில் சேர்ந்தவர்கள். மாப்ள, மச்சான் என்றுதான் பேச்சு. அக்காவை அவர் தங்கச்சி என்பார், அக்கா அவரை அண்ணே என்பார்.

குளிர் அதிகமாயிருந்த ஒரு காலை, குழம்பு வழக்கத்தைவிடக் கெட்டியாக வந்தது. குளிரில் அப்படி ஆவது உண்டு. முள் காட்டியது எல்லைக்குள்தான் இருந்தது. விரல் மட்டும் கொஞ்சம் யோசித்தது. அக்கா வண்டியை அனுப்பிவிட்டார். அன்று மாலை குவாரியில் வெடி வரிசையாக முழங்கியது, பாறை சரிந்தது, எல்லோரும் நல்ல வெடி என்றார்கள். கல்லை அள்ளி முடிக்கப் பல நாள் ஆனது. அள்ளி முடித்த தளத்தில் அடுத்த வரிசைக்குத் துளைபோட அவர் கணவர் இயந்திரத்தை ஏற்றினார்.

அந்தத் தளத்துக்குள் ஒரு ஊமைக் குழி இருந்தது. வெடிக்காமல் நின்றுவிட்ட குழியைக் குவாரியில் அப்படித்தான் சொல்வார்கள். அதன் மேல்பாதி கல்லோடு பெயர்ந்து போயிருந்தது. அடிப்பாதி மருந்தோடு பாறைக்குள் இருந்தது. பொடிக்கல் மூடியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. துளைக்கிற தண்டு குத்திக்கொண்டே நேராக அதற்குள் இறங்கிவிட்டது.

அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. மலை தாண்டி வருகிற சத்தம் பெரிதாக இருக்காது. அலமாரியில் கண்ணாடிக் குடுவைகள் ஒன்றோடொன்று லேசாக உரசும், அவ்வளவுதான். தினமும் கேட்டுப் பழகியது. ஆனால் அது மாலையில் வரும், சைரனுக்குப் பிறகு வரும். இது காலையில் வந்தது.

"சைரன் கேக்கலையே" என்றார் அக்கா.

கிண்ணத்தில் அவருடைய தண்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக் கையை நீட்டினார். தினமும் அழுத்துகிற பொத்தான், அன்றைக்கு அவர் கைக்குத் தட்டுப்படவில்லை. நான்தான் எழுந்துபோய் நிறுத்தினேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் ஒழுங்கானவர்கள். தெரிந்தவரை நன்றாகத்தான் பார்த்தார்கள். குழி இருந்த இடத்துக்குப் பக்கத்து விரிசலில் கொஞ்சம் குழம்பு மிச்சமிருந்தது. அதை எடுத்து வந்து சோதித்தார்கள். பதம் சரி, குமிழி சரி, சின்னக் குழாயில் அடைத்து வெடிவைத்துப் பார்த்தபோது பிரமாதமாக வெடித்தது. அன்றைய தயாரிப்பில் நாங்கள் எடுத்துவைத்திருந்த மாதிரியும் குறையில்லாமல் இருந்தது. மருந்தில் தப்பு இல்லையென்றால் தப்பு ஆளிடம். வெடிக்காரர் ஒரு குழியை இணைக்காமல் விட்டிருக்க வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். அவருடைய உரிமம் போனது.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவியை மேடம் என்போம். அவர் அக்காவைக் கூப்பிட்டு, "உன் மேல ஒண்ணும் இல்லம்மா. தெளிவாச் சொல்லிட்டாங்க" என்றார்.

"சரி மேடம்" என்றார் அக்கா. அந்த வார்த்தைக்காக அவர் எத்தனை ஏங்கியிருப்பார் என்று எங்களுக்குத் தெரியும். வந்தபோது அது அவருக்குள் இறங்கவில்லை.

வீட்டில் நடந்ததைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் சொன்னார். சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு மாமியாரும் மருமகளும் மட்டும் மிஞ்சினார்கள். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் கத்தியே பேசினார்கள். "வெந்நீர் கொதிச்சிருச்சா?" என்று கூடத்திலிருந்து அத்தை கத்துவார். "இறக்கிட்டேன் அத்தை!" என்று அடுப்படியிலிருந்து இவர் கத்துவார். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருநாள், "உங்க வீட்ல யாருக்குங்க காது கேக்காது?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். அக்கா உள்ளே வந்துவிட்டார். வந்தவர் அத்தையிடம் எதையோ மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அத்தை நிமிர்ந்து, "என்னடி முணுமுணுக்கிற? அவனுக்குக் கேக்க வேணாமா?" என்றார்.

சொன்ன பிறகுதான் அத்தைக்கே உறைத்தது. இருவரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் கத்தித்தான் பேசினார்கள். நிறுத்தினால் அவரை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியது போலாகிவிடும் என்று இரண்டு பேருக்கும் பயம்.

குளியலறை ஓரத்தில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் சாம்பல் நிறமாக ஓடியது. கணவர் துணிகளில் இருந்து வந்த கல்பொடி. துவைக்க அவர் துணி எதுவும் இல்லாமல் மாதங்கள் போய்விட்டன. பொடி மட்டும் வந்துகொண்டே இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று அக்காவும் தேடவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இருந்தது வேறு விதமான தொந்தரவு. விசாரணை முடிந்து மிஞ்சிய அந்த விரிசல் குழம்பு ஒரு சின்னப் புட்டியில் எங்கள் அலமாரிக்கே திரும்பி வந்தது. மற்ற மாதிரிகளோடு அதுவும் இருந்தது. குழம்புக்கு வயதாகும். நாளாக ஆகத் துளிகள் உடைந்து உப்புப் பூத்து, மணல் மாதிரி நறநறவென்று ஆகி, கடைசியில் செத்துப்போகும். அந்தப் புட்டியில் இருந்தது வயதாகாமல் அப்படியே இருந்தது. வெண்ணெய் மாதிரி, மிருதுவாக, பளபளவென்று. மதிய நேரத்தில் நான் ஒருமுறை உள்ளே வந்தபோது அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானே இருக்க. அப்புறம் அன்னைக்கு உனக்கு என்ன வந்துச்சு?"

நான் வந்த சத்தம் கேட்டுத் திரும்பினார். வெட்கப்படவில்லை. "வெடிச்சிருக்கணும்ல? கெட்டுப்போயிருந்தா ஒத்துக்கலாம். நல்லா இருக்கிறது ஏன் சும்மா இருந்துச்சு?" என்று என்னையே கேட்டார்.

"வெடிக்கார அண்ணன் இணைக்கலன்னு..."

"அவரு இணைக்காம விடமாட்டாரு" என்றார். பிறகு, "விட்டிருக்கலாம். எனக்குத் தெரியல" என்றார்.

வெடிக்காரர் அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். ரொம்ப நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். அத்தை நாற்காலியைக் காட்டி, "உட்காருப்பா!" என்று வழக்கம்போலக் கத்தினார். அவர் உடம்பு தூக்கிப்போட்டது. உட்கார்ந்தார். அவர் விரல்கள் சும்மா இல்லை. சட்டை நுனியை எடுத்து முறுக்கி, மடித்து, இழுத்து, விட்டு, பக்கத்து நுனியை எடுத்து அதையே செய்தன. குழிகளை இணைக்கிற அதே கைவேலை.

"தூங்க முடியல தங்கச்சி" என்றார். "கண்ணை மூடினா அந்த வரிசையிலதான் நிக்கிறேன். ஒவ்வொரு குழியா கட்டிக்கிட்டே போறேன். எல்லாத்தையும் கட்டிடறேன். கடைசிக் குழிகிட்ட நின்னு திரும்பிப் பார்க்கிறேன், மாப்ள அங்க நின்னு என்னையே பாத்துக்கிட்டிருக்கான். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறான்."

"நீங்க விட்டீங்களா அண்ணே?"

"இல்லன்னுதான் நினைக்கிறேன். எல்லாரும் விட்டேன்னு சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே நிச்சயமில்ல."

அவர் போன பிறகு அத்தை வாசலைப் பார்த்தபடி, "இவனையும் அந்தக் குழி விடமாட்டேங்குது" என்றார். அன்று ஒருமுறைதான் அவர் கத்தாமல் பேசினார்.

விடை ஒரு சாதாரண வேலையின் நடுவில் வந்தது. ஆழமான, தண்ணீர் நிறைந்த குழிகளில் எங்கள் குழம்பு தாக்குப்பிடிக்குமா என்று ஒரு சுரங்கத்திலிருந்து கேட்டிருந்தார்கள். மேடம் அதை அக்காவிடம் கொடுத்தார். கெட்டிக் கண்ணாடிச் சன்னல் வைத்த அழுத்தக் கலம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதற்குள் குழம்பை வைத்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அக்கா ஏற்றினார். திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரேன். நிறம் போகுது."

வெளுப்பாக இருந்த குழம்பு சன்னலுக்குப் பின்னால் மெல்ல நிறமிழந்து, மங்கலான கண்ணாடி மாதிரித் தெளிந்துகொண்டு வந்தது. வெளுப்பைக் கொடுத்தவை குமிழிகள். அழுத்தத்தில் அவை இருக்கும் இடம் தெரியாமல் சுருங்கிப்போயின. அக்கா அழுத்தத்தை இறக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்திலிருந்து வெளுப்பு திரும்பிவரத் தொடங்கியது. எதுவுமே நடக்காதது போலப் பழைய குழம்பு அங்கே இருந்தது.

அக்கா ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"சாகல" என்றார். "மூச்சை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. எல்லாரும் போனப்புறம் விட்டிருக்கு."

மேடத்தைக் கூட்டிவந்து திரும்பச் செய்து காட்டினோம். அவர் இரண்டு முறை பார்த்தார். "இப்படி ஆகும்னு படிச்சிருக்கேன்" என்று நிதானமாகச் சொன்னார். "பக்கத்துக் குழி முதல்ல வெடிக்குது. அந்த அழுத்தம் பாறை வழியா இந்தக் குழிக்கு வந்து குமிழியை எல்லாம் நசுக்கிடுது. அதே நேரம் பார்த்து இதோட முறை வருது. டெட்டனேட்டர் தட்டும், குழம்பு எழாது. அழுத்தம் போனதும் குமிழி திரும்பிடும். அப்புறம் எடுத்துச் சோதிச்சா எல்லாம் சரியாத்தான் இருக்கும். இதை நாங்க அன்னைக்கே யோசிச்சிருக்கணும்மா."

ஆலைக்குப் பின்னால் சோதனைத் திடல் இருந்தது. மேடம் அனுமதி வாங்கினார். பார்க்க வெடிக்காரரையும் வரச்சொல்லும்படி அக்கா கேட்டுக்கொண்டார். உரிமம் இல்லாததால் அவர் எதையும் தொடக் கூடாது. இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு தடுப்புச் சுவருக்குப் பின்னால் எங்களோடு நின்றார். இரண்டு குழாய்களில் குழம்பை நிரப்பி, தள்ளித் தள்ளிப் புதைத்து, ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க வைத்தார்கள். இரண்டும் வெடித்தன. அடுத்து இரண்டு குழாய்களை நெருக்கமாகப் புதைத்தார்கள். முதலாவது முழங்கியது. இரண்டாவதன் முறை வந்தபோது பட்டாசு மாதிரி ஒரு சின்ன ஒலி. டெட்டனேட்டர் மட்டும்தான்.

நெடுநேரம் காத்திருந்து, மேடம் போகலாம் என்ற பிறகு தோண்டினார்கள். குழாய் கிழிந்திருந்தது. உள்ளே பாதிக்கு மேல் குழம்பு, வெளுப்பாக, மிருதுவாக. மறுநாள் அதையே புது டெட்டனேட்டர் வைத்துப் பார்த்தார்கள். தடுப்புச் சுவரில் மண் உதிர்ந்தது.

வெடிக்காரர் சுவரோடு சாய்ந்து அழுதார். "நான் கட்டினேன் தங்கச்சி, நான் கட்டினேன்" என்று அதையே சொன்னார். அக்கா அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் தனக்கும் நெஞ்சு லேசானது என்று பிறகு சொன்னார். குழம்பில் தப்பில்லை, அண்ணனிடம் தப்பில்லை. அந்த லேசு குவாரிக்குப் போகும்வரைதான் இருந்தது.

குழிகள் ஏன் நெருக்கமாயின என்று பார்க்க வேண்டியிருந்தது. குவாரிப் பாறையில் வெடித்த குழிகளின் பாதி அச்சுகள் நெடுகக் கோடுபோட்டது போல நிற்கும். விபத்து நடந்த தளம் அப்போதிருந்து மூடிக்கிடந்தது. மேடமும் அக்காவும் வெடிக்காரரும் அளவு நாடாவோடு போனார்கள். அச்சுகளுக்கிடையே இடைவெளி சீராக வந்தது. ஊமைக் குழி இருந்த இடத்தில் மட்டும் நாடா சுருங்கியது. அந்தக் குழி தன் இடத்தை விட்டுப் பக்கத்துக் குழியை நோக்கி நகர்ந்திருந்தது.

குழிகளைப் போட்டது யார் என்று அங்கே யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

வெடிக்காரருக்கு நினைவு வந்தது. அவர் சொல்லியிருக்க வேண்டாம், ஆனால் வாயில் வந்துவிட்டது. "குறி போட்ட இடத்துல, கால் வச்சா அசையற ஒரு ஆட்டக் கல்லு இருந்துச்சு. மெஷின் நிக்கல. கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிறேன் மச்சான்னு கத்தினான். நானும் சரின்னு கையைக் காட்டினேன். எல்லாரும் செய்யறதுதான் தங்கச்சி. தினமும் யாராவது செய்யறதுதான்."

அக்கா நாடாவைச் சுருட்டினார். சுருட்டி முடித்ததும் மறுபடி இழுத்து அளந்தார். அதே அளவுதான் வந்தது.

திரும்பி வரும் வழியில் வெடிக்காரர் வண்டியை நிறுத்தச் சொன்னார். "இதை யார்கிட்டயும் சொல்ல வேணாம்" என்றார். "மாப்ள பேரைக் கெடுத்துட்டு எனக்கு அந்த லைசென்ஸ் வேணாம். நான் கட்டினேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு அது போதும்."

அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை நாளும் தன் கை செய்ததோ, அண்ணன் கை செய்ததோ என்று தேடிக்கொண்டிருந்தார். தேடல் போய் முடிந்த இடத்தில், அவர் கணவரே நிற்கிறார். ஒரு ஆட்டக் கல்லைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி.

அந்த வாரம் முழுக்க அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அத்தையிடமே சொல்லிவிட்டார். அழுத்தம், குமிழி எல்லாம் அத்தைக்குப் புரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது.

"அப்ப என் புள்ளதான் தப்புப் பண்ணானா?" என்று கத்தினார்.

"கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டாரு அத்தை. எல்லாரும் போடுவாங்களாம். அன்னைக்குன்னு பாத்து..."

அத்தை வெகுநேரம் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். "வெளிய சொன்னா இவனுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா?"

"கிடைக்கும்."

"சொல்லலன்னா?"

"அவரு இப்படியேதான் இருப்பாரு. குழியைத் தள்ளிப் போடறதும் நிக்காது."

"அப்பச் சொல்லு. என் புள்ள போயாச்சு. அவனைக் காப்பாத்துறேன்னு இன்னொருத்தனைக் கொல்லச் சொல்றியா?" பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, "அவன் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான். கத்திச் சொல்லியிருப்பான்" என்றார்.

மேடமும் அக்காவும் சேர்ந்து சொன்னார்கள். விசாரணை மறுபடி திறந்தது. குறி விட்டு நகர்ந்த குழிக்கு மருந்து ஏற்றக் கூடாது, திரும்ப அளந்து, வெடிக்கும் முறையை மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும் என்று குவாரிகளுக்கு உத்தரவு போனது. சிலர் அக்காவின் முகத்துக்கு நேராகவே, "புருஷனைக் காட்டிக்கொடுத்தவ" என்றார்கள்.

குவாரி நிர்வாகம் அந்தத் தளத்தை மறுபடி எடுப்பதற்கு முன்னால் முழுவதும் கழுவிப் பார்க்க முடிவுசெய்தது. தூரத்தில் நின்று தண்ணீரைப் பாய்ச்சிப் பொடிக்கல்லை எல்லாம் விலக்கினார்கள். இன்னொரு ஊமைக் குழி இருந்தது. வேறு ஷிப்டில் வேறு ஒருவர் போட்டது, அதுவும் குறி தள்ளிப்போனது. வாய்வரை குழம்பு, அப்படியே.

மாதிரி எடுக்க ஆய்வுக்கூடத்திலிருந்து ஆள் கேட்டார்கள். அக்கா தானே போவதாகச் சொன்னார். போய், குனிந்து, கையுறை போட்ட விரலால் கொஞ்சம் எடுத்து இழுத்துப் பார்த்தார். நல்ல பதம். பிறகுதான் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்திருக்கிறார். எதிரே பாறைச்சுவர், இடப்பக்கம் வண்டிப் பாதை. எந்த இடம் என்று தெரிந்தது. விபத்துக்கு மறுநாள் பிள்ளை செத்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்று அத்தை அடம்பிடித்தபோது, அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்தது அங்கேதான். அங்கே உட்கார்ந்துதான் அத்தை இரண்டு கைகளாலும் பாறையை அடித்து அடித்து அழுதார். சுற்றிலும் நாங்கள் எல்லோரும் நின்றிருந்தோம்.

அக்கா மாதிரியைப் புட்டியில் போட்டு மூடினார். அந்தக் குழியைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவி வெளியேற்றும்வரை தூரத்தில் நின்று பார்த்தார். அத்தையிடம் இதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. என்னிடம்கூட அத்தை காலமான பிறகுதான் சொன்னார். அந்தக் குழியைப் பார்த்ததிலிருந்து வெகுகாலம் அவர் வெறும் பாறையில் கால் வைக்கமாட்டார். வைத்தாக வேண்டுமென்றால் முதலில் நுனிக்காலால் தொட்டுப் பார்ப்பார். நாங்கள் கேலி செய்ததில்லை.

வெடிக்காரருக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது. அதை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, அதே குவாரியில் தண்ணீர் லாரி ஓட்டப் போய்விட்டார். மறுபடி ஒரு குழியைக்கூட அவர் இணைக்கவில்லை. தூக்கம் வருகிறது என்றார். கனவில் துளைக்காரர் இன்னும் வருகிறாராம், ஆனால் இப்போதெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாராம்.

அக்கா ஓய்வுபெறும்வரை அதே மேசையில் இருந்தார். ஓய்வுபெற்றதும் பாறையே இல்லாத, எங்கே தோண்டினாலும் களிமண் வருகிற ஒரு ஊரைத் தேடிப் போய் வாடகைக்கு வீடு எடுத்தார். நான் ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். செடிகள் நிறைய வைத்திருந்தார். வெடிக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வதாகச் சொன்னார். அவருடைய சர்க்கரை நோய், இவருடைய முழங்கால், அவர் மருமகனின் சாமர்த்தியம், இதெல்லாம் பேசுவார்களாம். குவாரி பற்றி ஒரு வார்த்தை வராது.

"ஒரே ஒரு தடவை கேட்டாரு" என்றார் அக்கா. "பேசிக்கிட்டே இருந்தவரு திடீர்னு, 'தங்கச்சி, அவனுக்கு வலி தெரிஞ்சிருக்குமா?'ன்னாரு. தெரிஞ்சிருக்காது அண்ணே, அவ்வளவு வேகம் அது, நேரமே இருந்திருக்காதுன்னேன். லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம், லாரிக்கு டயர் மாத்தணும், விலையெல்லாம் ஏறிப்போச்சுன்னு ஆரம்பிச்சுட்டாரு."

"உண்மையாவே தெரிஞ்சிருக்காதா அக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, வெயில் ஏறுவதற்குள் செடிகளுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று வெளியே போனார்.